அக்கா வாபஸ் வாங்கிய நாவல்கள்

புதுக் கண்ணாடி வாங்குகிறவர் யாராக இருந்தாலும் கடையை விட்டு இறங்கும் முன் ஒரு காரியம் செய்தாக வேண்டும். மூக்கில் மாட்டிக்கொண்டு, கையில் கொடுப்பதைப் படித்துப் பார்த்து, "தெரியுது" என்று சொல்ல வேண்டும். மற்ற கடைகளில் கையில் கொடுப்பது ஓர் அட்டை. யானை எழுத்தில் ஆரம்பித்து எறும்பு எழுத்தில் முடியும். இந்தக் கடையில் அக்கா கொடுப்பது நாவல்.

அட்டை இங்கேயும் இருந்ததுதான். முதலாளி வாங்கிப் போட்ட அந்த அட்டையில், 'காலையில் எழுந்ததும் முகம் கழுவுவது நல்ல பழக்கம்' என்று அச்சடித்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இதைப் படிக்கத்தான் ஒரு மனுஷன் காசு குடுத்துக் கண்ணாடி வாங்குறானா?"

"படிச்சு ரசிக்கிறதுக்கா குடுக்குறோம்? தெரியுதான்னு பார்க்கத்தானேம்மா!" என்றார் முதலாளி.

"முகம் கழுவுறது நல்ல பழக்கம்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்லிருவாங்க. அப்ப லென்ஸ் சரியா இருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

மறுநாள் அக்கா தன் வீட்டிலிருந்து ஒரு நாவலைக் கொண்டுவந்தாள். அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது, ஃப்ரேம் அடுக்க வேண்டிய ஒரு தட்டு முழுக்கப் புத்தகம் ஏறிவிட்டது. கீழ்த்தட்டில் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள்.

அக்காவின் வேலை ஃப்ரேமை முகத்துக்குப் பொருத்துவது. காதுக்குப் பின்னால் கம்பியை வளைப்பது, மூக்குத் தாங்கியை நெருக்குவது, கடைசியில் படிக்கக் கொடுத்துப் பார்ப்பது. கொடுத்துவிட்டு வாடிக்கையாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். சிலர் ஒரு வரி பார்த்ததும் "ம், தெரியுது" என்று புத்தகத்தை நீட்டிவிடுவார்கள். அப்படியென்றால் லென்ஸ் சரி, நாவல் மட்டம். சிலர் "தெரியுது" என்று சொல்லவே மறந்துபோய், நின்ற நிலையிலேயே பக்கத்தைத் திருப்பி, அப்படியே பின்னால் நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அந்த நாவல் தேறியது. அக்காவுக்கு வேறு பரீட்சை கிடையாது.

"நான் கண்ணாடிக் கடை வச்சேனா, வாசகசாலை வச்சேனா?" என்று முதலாளி அழாத குறையாகக் கேட்பார். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அக்காவின் அபிப்பிராயத்துக்கு அந்தத் தெருவில் இருந்த மதிப்பு வேறு யாருக்கும் இல்லை. மருந்துக்கடைக்காரர் வருவார். மாத்திரை கொடுக்கிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாக எண்ணி வைப்பார்.

"இந்த நாவல். ராத்திரி. படுக்கப் போகும் முன்னாடி. எடுத்துக்கலாமா?"

"வேண்டாம். தூக்கம் வராது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பிறகு."

தையல்கார அண்ணன் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே வருவார். பல்லிடுக்கில் பேச்சு நசுங்கி வரும். "ம்ம்ப்டி... நவ்ல்... நல்ல்ருக்கா?" அது என்னவென்று அக்காவுக்கு மட்டும் புரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற தம்பிக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, கடைக்குள்ளேயும் அப்படியேதான். "அக்கா! அந்தப் பொண்ணு கடைசியில சாகுதா?" என்று அவன் கேட்டால், பெஞ்சில் அதே நாவலைப் பாதியில் வைத்திருக்கிறவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

அக்காவின் தீர்ப்புகள் சின்னவை. மேல்முறையீடு கிடையாது.

"முதல் பக்கத்துல ஒருத்தன் ஜன்னலைத் திறந்து பெருமூச்சு விடுறான்னா, அவன் அந்தப் பக்கம் திறக்கட்டும், நான் இந்தப் பக்கம் புத்தகத்தை மூடிடுவேன்."

"இந்த ஆள் நாவல்ல ஆம்பளை, பொம்பளை, போலீஸ், பால்காரன் எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க. எல்லாருக்கும் இவரே டப்பிங்."

"அம்மாவா வர்றவ ஒரு தடவையாவது உக்காந்து சாப்பிடுறாளான்னு பாரு. நாவல் பூரா பரிமாறிக்கிட்டே இருந்தா, எழுதினவருக்கு அவங்க அம்மா முகமே தெரியாதுன்னு அர்த்தம்."

படப் புத்தகங்களுக்கு அதைவிடக் கெடுபிடி. நாவலில் நான்கு பக்கம் சோடை போனால் ஐந்தாம் பக்கத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம், பிள்ளைகள் புத்தகத்தில் ஒளிய இடமே இல்லை என்பாள். "கடைசிப் பக்கத்துல புத்திமதி வந்தா அது புத்தகமே இல்ல. டீச்சரம்மா மாறுவேஷத்துல வந்திருக்காங்க." "நாய் ஓடுதுன்னு படத்துலயும் இருக்கு, எழுத்துலயும் இருக்கு. ரெண்டு பேர்ல ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பு."

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தவள்தான், கொஞ்ச காலமாக ஒரு மாதிரி ஆகிவிட்டாள்.

முதலில் நாவல்கள் அலுத்தன. "இப்ப வர்றதுல உயிரே இல்ல. நாலு பக்கம் படிச்சா மண்டையிடி வருது." பிறகு பழைய நாவல்களும் அலுத்தன. மருந்துக்கடைக்காரர் தனக்கு உயிரான ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்து கொடுக்க, அக்கா ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"ரொம்ப மங்கலா எழுதியிருக்கார். ஒண்ணும் மனசுல நிக்கல."

மருந்துக்கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் இளவயதில் படித்து அழுத நாவல் அது. ஆனாலும் அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, அதைப் பரணில் போட்டுவிட்டார்.

நாவல் இறங்க இறங்கப் படப் புத்தகம் ஏறியது. "சொல்லணும்னா இப்படிச் சொல்லணும். பக்கத்துக்கு ரெண்டு வரி. நிறைய இடம் விட்டு, பெருசா, தைரியமா. நாவல்காரங்க பயந்து பயந்து பொடிசா எழுதிக்கிட்டுக் கிடக்காங்க." இதைக் கேட்டுத் தையல்கார அண்ணன் முயல்குட்டி புத்தகம் ஒன்றை வாங்கிப்போய்த் தையல் மெஷின் மேல் வைத்துக்கொண்டார். வேன் தம்பி சிக்னலில் நிற்கும்போது கரடிக் கதை படித்தான். ஒரு தெரு முழுக்க மீசை வைத்தவர்கள் எல்லாம் வாத்துக்குஞ்சு எங்கே போயிற்று என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் வேறு கூத்து. அக்காவின் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன்.

"ஏங்க, இந்த பல்பு மங்குது."

மாற்றினார்.

"ஏங்க, இதுவும் மங்குது. மட்டமான கம்பெனியா?"

மாற்றினார். பல்பு மாற்ற அலுத்துக்கொள்கிற எலக்ட்ரீஷியன் உண்டா? கடைசியில் கூடத்தில் எரிந்த வெளிச்சத்தில், மகள் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து டிவி முன் உட்கார்ந்தாள். "அம்மா, இது வீடா, ஆபரேஷன் தியேட்டரா? நோயாளி யாருன்னு மட்டும் சொல்லிடு."

அக்கா பிடி கொடுக்கவில்லை. ஊரில் நாற்பது தாண்டினவர்கள் எல்லாரையும் ஸ்டூலில் உட்காரவைத்து, "வெள்ளெழுத்து எல்லாருக்கும் வர்றதுதான் சார், இதுல என்ன வெட்கம்?" என்று தேற்றுகிறவள் அவள். ஆனால் அது அவர்களுக்கு. ஃப்ரேம் கம்பியின் உள்பக்கம் கடுகு அளவில் பொறித்திருக்கும் எண்ணை, வெயிலோ மழையோ, கையில் எடுத்த வேகத்தில் படிப்பவள் என்று பெயர் வாங்கியவள். அந்தக் கண்ணுக்கா? எண்ணைப் படிக்க வேண்டி வந்தால் இப்போதெல்லாம் உள்ளறைக்குக் குரல் கொடுத்துவிடுவாள். "லென்ஸ் அண்ணே, என் கை ஈரமா இருக்கு, இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க." லென்ஸை அறுத்துத் தேய்க்கிற மெஷின் முன்னால் இருக்கும் லென்ஸ் அண்ணன், நாள் முழுக்க ஒருத்திக்குக் கை எப்படி ஈரமாகவே இருக்கும் என்று யோசித்திருக்கிறார். கேட்டதில்லை. படிக்கக் கொடுக்கிற பக்கங்களோ அவளுக்கு மனப்பாடம். அதனால் அங்கேயும் மாட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் கூடப் பிறந்த தம்பி தன் புத்தகத்தைக் கொண்டுவந்தான்.

வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். மீசை நரைத்தாலும் மாறப்போவதில்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டார் கம்பெனியில், மோட்டாரோடு வைத்துக் கொடுக்கிற கையேட்டுக்குப் படம் வரைகிற வேலை. 'இந்தத் திருகாணியை இந்தத் துளையில் பொருத்தவும்.' அதற்கு ஒரு அம்புக்குறி. "என் படத்தைப் பார்த்து யாரும் இதுவரைக்கும் சிரிச்சதில்லக்கா. மோட்டார் ஓடலைன்னா திட்டுவாங்க, அவ்வளவுதான்" என்பான். அப்படிப்பட்டவன் வருஷக்கணக்காக வீட்டில் உட்கார்ந்து ஒரு படப் புத்தகம் வரைந்து முடித்திருந்தான். ஒரு பதிப்பாளர் அம்மா பார்த்துப் பிடித்துப்போய், முழுப் படங்களையும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். அனுப்பும் முன் அக்கா பார்க்க வேண்டும். பதிப்பாளர் சொன்னதைவிட அக்கா சொல்வதுதான் அவனுக்கு முக்கியம். சின்ன வயதிலிருந்து அவன் வரைந்த எதையும் அவள் சும்மா பாராட்டியதில்லை. பாராட்டினால் அது நிஜம்.

ஆபீஸ் பிரிண்டரில் யாருக்கும் தெரியாமல் எடுத்ததால் மாதிரிப் புத்தகம் உள்ளங்கை அளவில் இருந்தது. ஓரத்தில் பின் அடித்திருந்தான். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். அக்கா அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சின்னவன் பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான்.

கதை இதுதான். அப்பாவின் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். அப்பாவும் மகளும் தேடுகிறார்கள். கட்டிலுக்கு அடியில் இல்லை. அலமாரியில் இல்லை. மாடிப்படியில் இல்லை. கடைசிப் பக்கம்: 'பொத்தான் கிடைக்கவே இல்லை. அப்பா ஊக்கு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.'

அக்கா மறுபடி ஒருமுறை புரட்டினாள். பின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஊக்கா?"

"என்னக்கா?"

"இவ்வளவு தேடி, கதையோட முடிவு ஊக்காடா? பிள்ளைங்க மூஞ்சி தொங்கிப் போயிரும். அங்க தேடினேன் இல்ல, இங்க தேடினேன் இல்ல. இதை எதுக்கு நான் படிக்கணும், எங்க வீட்லயே தினமும் நடக்குது."

சின்னவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"அப்புறம் மூலையில எல்லாம் கறை கறையா இருக்கு. பக்கத்துக்குப் பக்கம். முதல்ல அதைத் துடைச்சு எடு, அசிங்கமா இருக்கு."

"கறையா?"

"ஆமா. உனக்குத் தெரியலையா?"

சின்னவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அதில் விளையாட்டு இல்லை. "சரிக்கா" என்று எழுந்தான். மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை. அக்கா அதைப் படப் புத்தகத் தட்டில் செருகி வைத்தாள். மனசுக்குள் என்னவோ கரித்தது. ஆனால் புத்தகத்தைப் பற்றி அவள் யாருக்காகவும் மாற்றிச் சொன்னதில்லை.

வியாழக்கிழமை, தம்பி மனைவி வந்தாள். நர்ஸ். டியூட்டி முடிந்து அதே வெள்ளை உடையில் நேராக வந்திருந்தாள். ஊசி போட வருகிறவள் மாதிரியே உள்ளே நுழைந்தாள்.

"அண்ணி, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஏன், என்ன ஆச்சு?"

"மனுஷன் பென்சிலைத் தொட மாட்டேங்கிறார். பதிப்பாளரம்மாவுக்குப் போன் போட்டு, புத்தகம் வேண்டாம், விட்டுருங்கன்னு சொல்லப் போறாராம். நாளைக்குக் கெடு. கேட்டா, 'அக்காவே சொல்லிட்டா, அப்புறம் என்ன'ங்கிறார். சாப்பாட்டைப் பிசைஞ்சு பிசைஞ்சு வச்சிட்டு எழுந்திரிக்கிறார்."

அக்கா கையிலிருந்த ஃப்ரேமை மேஜையில் வைத்தாள். "எனக்குப் பட்டதைத்தானே சொன்னேன்?"

"ஒரு வார்த்தை நல்லதா சொல்லியிருக்கக் கூடாதா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஊர்ல யார்கிட்ட வேணும்னாலும் உண்மையைச் சொல்லுங்க அண்ணி. வீட்டுக்குள்ள ஒண்ணு ரெண்டு பொய் இருந்தாத்தான் குடும்பம் ஓடும்." கதவருகில் போனவள் திரும்பினாள். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

மறுநாள் காலையில் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. போனை எடுத்தாள். அதில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, திரைக்கு மூன்று வார்த்தை நிற்கிற அளவுக்கு வைத்திருந்தாள். 'புத்தகம் நல்லாத்தான் இருக்கு' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். அனுப்பினால் தம்பி புத்தகம் வந்துவிடும். ஆனால் அவன் முட்டாள் இல்லை. அக்கா முதல்முறையாகப் பொய் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்துகொள்வான். அதற்குப் பிறகு அவள் எதை நல்லா இருக்கிறது என்று சொன்னாலும் நம்ப மாட்டான். மறுபடி அழித்தாள்.

அந்த நேரத்தில் ஓர் அப்பா, தன் மகளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் சொல்லி, கண் பார்த்து, கண்ணாடியும் தயாராகிவிட்டது. சிவப்பு ஃப்ரேம். மாட்டத்தான் விடமாட்டேன் என்கிறாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நடுக்கடையில் நின்றாள்.

"நாலு கண்ணுன்னு கூப்பிடுவாங்க!"

"யாரு?"

"எல்லாரும்!"

"எல்லாருமா? நானும் கண்ணாடி போடுவேன், என்னை யாரு கூப்பிடுறா பார்ப்போம்" என்ற அக்கா, மேஜையில் கிடந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள். மருந்துக்கடைக்காரருக்காகத் தயாராகி, சாயங்காலம் அவர் வாங்கிக்கொள்ள வேண்டியது. படிக்கிற பவர். "எப்படி இருக்கு? ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கா?"

விரலிடுக்கு வழியாக ஒரு கண் பார்த்தது.

அக்கா ஹெட்மாஸ்டர் குரலுக்குப் போனாள். தொண்டையைச் செருமினாள். "யாரங்கே! இன்றைக்கு ஒரு கதை படிக்கப் போகிறேன்! பேசினால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவேன்!" கீழ்த்தட்டில் கைக்கு வந்ததை உருவினாள். வந்தது தம்பியின் மாதிரிப் புத்தகம். உருவியதை வைக்கவும் முடியவில்லை, அந்தக் கண் பார்த்துக்கொண்டிருக்கிறது. பிரித்தாள்.

"அப்பாவின் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம்! கட்டிலுக்கு அடியில்..."

குரல் நின்றுவிட்டது.

கட்டிலின் கால் ஓரத்தில் இருந்த கறைக்கு வால் இருந்தது. மீசை இருந்தது. அது ஒரு எலி. பின்னால் தீப்பெட்டியில் செய்த ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு நின்றது. வண்டியில் ஒரு பக்கச் சக்கரத்தைக் காணோம். அதனால் வண்டி சாய்ந்து கிடந்தது. அக்கா பக்கத்தைத் திருப்பினாள். அலமாரிக்கு அடியில் எலி, ஒரு கடலையைச் சக்கரமாக மாட்டிப் பார்க்கிறது. கடலை உடைந்து கிடக்கிறது. மாடிப்படியில், முன்காலால் பொத்தானை உருட்டிக்கொண்டே ஏறுகிறது. அப்பாவும் மகளும் மேலே எங்கேயோ பார்க்கிறார்கள். அவர்கள் காலடியிலேயே பொத்தான் போகிறது. கடைசிப் பக்கத்தில் அப்பா ஊக்கு மாட்டிய சட்டையோடு வாசலைத் தாண்டுகிறார். சுவரோரம் எலி வண்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பொத்தான் சக்கரம். வண்டிக்குள் குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, வாயைப் பிளந்து சிரித்தபடி.

எழுத்தில் எலி என்ற சொல்லே இல்லை.

அக்கா முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். எதிரில் ஒரு பிள்ளை இருக்கிறது, அதன் அப்பா இருக்கிறார், முதலாளி இருக்கிறார் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. பின்னால் நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி." புடவையைப் பிடித்து இழுத்தது பிள்ளை. "ஆன்ட்டி, அப்புறம்?"

"இரு கண்ணு" என்றாள் அக்கா. நிமிரவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. தனக்குச் சொல்லாமல் இந்த ஆன்ட்டி மட்டும் எதையோ பார்க்கிறாள். தன் சிவப்புக் கண்ணாடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு பெஞ்சில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தது. "எலி!" என்று கத்தியது. மாடிப்படிப் பக்கத்துக்கு வந்ததும், வாயில் விரலை வைத்து "உஷ்" என்றது. யாரிடம் சொன்னது என்று அக்கா கவனிக்கவில்லை.

"லென்ஸ் அண்ணே!" அக்கா உள்ளறைக்குக் குரல் கொடுத்தாள். மெஷின் நின்றது. "எனக்கு வெள்ளெழுத்து."

"தெரியும்மா" என்றார் லென்ஸ் அண்ணன்.

"எப்படி?"

"உன் கை ஈரம் காயவே இல்லையே."

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மாதிரிப் புத்தகமும் கையுமாக, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். மருந்துக்கடைக்காரரின் கண்ணாடியும் மூக்கோடு போயிற்று. படிக்கிற கண்ணாடியில் தெருவே கலங்கித் தெரிந்தது. ஒரு சைக்கிளை இடிக்கப் பார்த்து, பிறகுதான் தலைக்கு மேல் ஏற்றிக்கொண்டாள்.

மோட்டார் கம்பெனியில் சின்னவன் ஒரு திருகாணிக்கு அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். "வீட்ல யாருக்காவது ஏதாவது...?"

"போன் பண்ணிட்டியா?"

"யாருக்கு?"

"பதிப்பாளரம்மாவுக்கு."

"சாயங்காலம் பண்ணணும். ஏன்?"

"வண்டி இழுக்குதே, அந்த எலி."

சின்னவன் முகம் சுண்டியது. "போதும்க்கா. கறைன்னு சொல்லிட்டே. துடைச்சிடுன்னும் சொல்லிட்டே. திரும்ப ஆபீசுக்கே வந்து சொல்லணுமா?"

"டேய், நான் எலியைக் கறைன்னு சொல்லல. கறைன்னே நினைச்சேன். எனக்குத் தெரியலடா." தலையிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள். "வெள்ளெழுத்து. ரொம்ப நாளாவே. யார்கிட்டயும் சொல்லல, எனக்கே சொல்லிக்கல."

பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். சின்னவன் கொஞ்ச நேரம் அக்காவை உற்றுப் பார்த்தான். அவள் மூக்கில் ஒரு ஆண்பிள்ளைக் கண்ணாடி, அகலமாக, காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு. அவனுக்குச் சிரிப்பு கீழிருந்து கிளம்பி வந்தது. "ஊருக்கே கண்ணாடி மாட்டுறவ! ஃப்ரேம் நம்பரைப் பறந்துக்கிட்டே படிப்பேன்னு பீத்திக்கிட்டவ!"

"சிரிச்சுக்கோ. உனக்கு உரிமை இருக்கு."

சிரித்து ஓய்ந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். குரல் இறங்கியது. "சரி, இப்பச் சொல்லு. பார்த்தியா? எப்படி இருக்கு?"

இந்த இடத்தில் வேறு எந்த அக்காவாக இருந்தாலும், செய்த தப்புக்குப் பரிகாரமாக நாலு வார்த்தை தேனாகப் பேசியிருப்பாள். இந்த அக்கா புத்தகத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள்.

"நல்லா இருக்கு. நிஜமாவே நல்லா இருக்கு. கடலை உடைஞ்சு கிடக்குதே, அந்தப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். ஊக்குல முடிச்சதும் சரி. அப்பாவுக்குத்தான் அது ஊக்கு, நமக்கு இல்ல. ஆனா..."

"ஆனா?"

"மாடிப்படிப் பக்கத்துல எலி ஏன் என்னைப் பார்க்குது?"

"உன்னையா?"

"படிக்கிறவங்களைப் பார்க்குது. திருட்டுப் பொருளை உருட்டிக்கிட்டுப் போற எலி, இப்படித் திரும்பி நின்னு போஸ் குடுக்குமா? அதுக்கு வேலை இருக்குல்ல? கேமராவைப் பாருன்னு நீ சொல்லிக் குடுத்திருக்கே."

"அது போஸ் இல்லக்கா! பார்க்கிற குழந்தைகிட்ட, 'சொல்லிடாதே'ன்னு கேக்குது!"

"எலி கேக்கல. நீ கேக்குறே."

"உனக்கு இன்னும் பவர் பத்தல!"

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, எலி பார்ப்பதுதான் சரி என்றார். இன்னொருவர் கூடாது என்றார். மோட்டார் கம்பெனியில் மத்தியானம் முழுக்க அந்தப் பேச்சுதான். சின்னவனின் முகம் சண்டையில் சிவந்து, ஒளிர்ந்துகொண்டிருந்தது. குறை சொல்கிறாள் என்றால் நல்லா இருக்கு என்று சொன்னதும் நிஜம். அது போதும் அவனுக்கு. சாயங்காலம் பதிப்பாளர் அம்மாவுக்குப் போன் போட்டான். படங்கள் இன்றைக்கே வந்துவிடும் என்றான்.

அக்கா கடைக்குத் திரும்பியபோது மருந்துக்கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

"என் கண்ணாடி. ரெடியா."

"ரெடி. நல்லா வேலை செய்யுது. நானே பார்த்துட்டேன்" என்று தன் மூக்கிலிருந்து கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். "அப்புறம் சார், அந்தப் பெரிய நாவலைப் பரண்ல இருந்து இறக்குங்க. மங்கலா எழுதியிருக்கார்னு சொன்னேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். மங்கினது என் கண்ணு."

தனக்கென்று ஒரு கண்ணாடி செய்துகொண்டு, அந்த வருஷம் மட்டம் என்று தள்ளிய நாவல்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி படித்தாள். படித்து முடிக்க முடிக்க, யார் யாரிடம் என்ன சொன்னாளோ அவரவரிடம் போய் வாபஸ் வாங்கினாள். தையல் கடையில், வேன் ஸ்டாண்டில், பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முன்னால், கொஞ்சமும் கூச்சமில்லாமல். இந்த அளவுக்குத் தன் வார்த்தையைத் துரத்திப் பிடித்துத் திருப்பிக்கொண்டுவந்த ஒரு மனுஷியை அந்தத் தெரு பார்த்ததில்லை. ஒரே ஒரு நாவலுக்கு மட்டும் வாபஸ் இல்லை. "கண்ணாடி போட்டும் படிச்சுப் பார்த்துட்டேன். அது மோசம்தான். முன்ன மங்கலா மோசம், இப்பத் தெளிவா மோசம்."

வேன் தம்பி கவலையோடு கேட்டான். "அக்கா! அப்ப படப் புத்தகம் உசத்தின்னு சொன்னது? அதுவும் வாபஸா?"

"அது எதுக்கு? அதைச் சொன்ன காரணம்தான் தப்பு, சொன்னது தப்பில்ல. நான் அதுல பாதியைப் பார்க்காமயே உசத்தின்னு சொல்லியிருக்கேன். முழுசாப் பார்த்தா என்ன சொல்லுவேன்!"

சின்னவனின் புத்தகம் வெளிவந்தது. பெரிய அளவில், நல்ல தாளில். மாடிப்படிப் பக்கத்தில் எலி இன்னமும் நேராகத் திரும்பிப் பார்க்கிறது. ஒரு கோட்டைக்கூட அவன் மாற்றவில்லை. கடைக்கு வருகிற பிள்ளைகள் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள். வாயில் விரலை வைத்து, எலியிடம் "சொல்ல மாட்டேன்" என்று கிசுகிசுக்கிறார்கள். அக்கா இதை வாரா வாரம் பார்க்கிறாள்.

புதுக் கண்ணாடி மாட்டிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் நீட்டுகிறாள். பெற்றவர்கள் எப்படி இருக்கிறது என்று கேட்டால், கம்பியை வளைத்துக்கொண்டே சொல்கிறாள்.

"ரொம்ப நல்ல புத்தகம். என் தம்பி வரைஞ்சது. மாடிப்படிப் பக்கம் மட்டும் சுமார்."